கடன்

ஒன்பது இருபது.
மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள்.
மழை வருமென்று மூங்கில் கழிகளை உள்ளே எடுத்துவிட்டேன்;
ஈரச் சீருடைகள் கூடத்துக் காற்றாடியின் கீழ்
எங்களோடு ஜெபத்துக்கு நிற்கின்றன.

செல்வினுக்கு இந்த வாரம் ஜூரோங் தீவில் இரவு வேலை.
கைப்பேசியை வேதப்புத்தகத்தின் மேல் சாய்த்து வைத்திருக்கிறேன்.
சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிடம்
அவன் குரல் மட்டும் வரும்,
பின்னால் ஏதோ பம்பின் இரைச்சலோடு.

சபையில் ஒரு தாள் கொடுத்தார்கள்:
பிள்ளைகளோடு தினமும் பதினைந்து நிமிடம், ஐந்து படிகள்.
குளிர்பதனப் பெட்டியில் காந்தம் வைத்து மாட்டியிருக்கிறேன்.
மூன்றாம் படியின் மேல் தண்ணீர்க் கட்டணச் சீட்டு.

ஆறரைக்கு நடந்தது வேறு.
ஜெருஷாவின் கணக்குத் தாள், நூற்றுக்கு ஐம்பத்தொன்று.
தொடக்கநிலை ஆறு. இறுதித் தேர்வுக்கு எண்பது நாள்.
நான் தாளை எறியவில்லை, பென்சில் பெட்டியைத்தான்.
அது சுவரில் பட்டுத் திறந்து
கவராயம் தனியே உருண்டு சோபாவின் அடியில் போனது.
பக்கத்து வீட்டு வெய் லிங்கைப் பார் என்றும் சொன்னேன்.
எறிந்ததில் அதுதான் கனமானது.

இப்போது அவள் கண்ணை மூடியிருக்கிறாள்,
மூடியதை நான் பார்க்கவேண்டும் என்பதுபோல் இறுக்கி.

பரமண்டல ஜெபம் தொடங்கினோம்.
இத்தியேலுக்கு ஆறு வயது.
தமிழ் அவனுக்கு இன்னும் கணுக்கால் ஆழம்தான்;
பாதிச் சொற்களை ஓசையால் மட்டும் அறிவான்.
அப்பத்தைத் தாண்டிக்
கடனுக்கு வந்ததும் நிறுத்தினான்.

"கடன்னா, வீட்டுக் கடனா அம்மா?"

கைப்பேசிக்குள் செல்வின் சிரித்துவிட்டான்.
எனக்கும் வந்தது. மாதம் ஆயிரத்து நானூறு வீவகவுக்கு,
சேம நிதியிலிருந்து, இன்னும் பத்தொன்பது வருஷம்;
இவனுக்கு இருபத்தைந்து ஆகும்போது முடியும்.
"அது இல்லடா."
"அப்ப எது?"

ஐந்து படிகளில் இதற்கு விடை இல்லை.
பாவம் என்று சொல்லலாம். அது அவனுக்குக்
கீழ்த்தளத்து நொண்டிப் பூனையைப் பார்த்து நான் சொல்வது.
குற்றம் என்றால் போலீஸ்.
தப்பு என்றால் அக்காவின் கணக்கு, சிவப்பு மை.

"ஒருத்தருக்கு நாம குடுக்க வேண்டியது...
குடுக்காமலே வெச்சிருக்கிறது" என்று இழுத்தேன்.
கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு யோசித்தான்.
"அப்ப நீங்க அக்காவுக்கு இன்னும் சாரி குடுக்கல."

பம்பின் இரைச்சல் மட்டும்.
செல்வினுக்கு ஆறரை மணி தெரியாது.
என்ன ஆச்சு என்று அவன் கேட்கவும் இல்லை.

சபையில் எத்தனை முறை முன்னே நின்று மன்றாடியிருக்கிறேன்,
ஒலிபெருக்கியில், நாக்குத் தடுமாறாமல்.
இங்கே, சட்டைக் கை சொட்டும் கூடத்தில்,
பன்னிரண்டு வயதுக்காரி ஒருத்தியின் முன்
ஒற்றைச் சொல் தொண்டையில் நின்றது,
சாளை முள்போல.

"ஜெரு, அம்மா எறிஞ்சது தப்பு.
வெய் லிங் பேரைச் சொன்னது அதைவிடத் தப்பு.
மன்னிச்சிடு."

அவள் கண்ணைத் திறக்கவில்லை.
மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.
கொஞ்சம் பொறுத்து,
"கவராயம் ஒடஞ்சிருந்தா புதுசு வாங்கணும்" என்றாள்.
"வாங்கலாம்."
"நல்லதா."
"நல்லதாவே."

இத்தியேல் விட்ட இடத்திலிருந்து பிடித்தான்,
கடனை இந்த முறை உரக்கச் சொல்லி,
வீவகவுக்கும் கேட்கட்டும் என்ற நம்பிக்கையோடு.
செல்வினின் பத்து நிமிடம் முடிந்து
ஆமென் பாதியில் அறுந்தது.

பிறகு மூவரும் தரையில் குப்புறப் படுத்து
சோபாவின் அடியில் வெளிச்சம் அடித்தோம்.
தூசி. ஓர் இருபது காசு.
போன வருஷத்துக் குருத்தோலைச் சிலுவை, சுவரோரம்.
இந்தப் பக்கம் கவராயம், உடையாமல்.
ஜெருவின் கைதான் எட்டியது.
இருபது காசை இத்தியேல் கேட்டான், கடனுக்காம்.

சிலுவைக்கு அவள் கையும் போதவில்லை.
நாளைக்குத் துடைப்பத்தால் எடுக்கலாம் என்று
விளக்கை அணைத்தேன்.